பொரிப்பக மீன் மீது ஏன் வழக்கு? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் பசிபிக் கரையில் சால்மன் (ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும் மீன்) குஞ்சு பொரிப்பகங்கள் மீது தொடுக்கப்படும் வழக்குகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அணை கட்டியும் அளவு மீறிப் பிடித்தும் மீன் குறைந்துபோன ஆறுகளில், அந்த இழப்பை ஈடுகட்ட அரசே பொரிப்பகம் நடத்துகிறது. அங்கிருந்து விடப்படும் குஞ்சுகள், அழியும் பட்டியலில் உள்ள இயற்கை மீன்களுக்கே கேடாகின்றன என்பது வழக்குகளின் சாரம். வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படும் கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இலையுதிர் காலம் வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பொரிப்பகத்துக்குப் போவோம். மீன்கள் மேலேற அமைத்த நீர் ஏணியில் சால்மன் துள்ளி ஏறுவதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். மீனைப் பெருக்குகிற இடத்தின் மீது போய் வழக்குப் போடுவார்களா?
– வாசகி, இசக்வா, வாஷிங்டன் மாநிலம்

அடுத்த முறை போகும்போது மீனின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால் பாருங்கள். முள் இல்லாத, விரல் நுனி அளவுச் சதைத் துடுப்பு ஒன்று இருக்க வேண்டும். அதைக் கொழுப்புத் துடுப்பு என்பார்கள். ஆற்றில் பிறந்த மீனுக்கு அது இருக்கும். பொரிப்பக மீனுக்குக் குஞ்சுப் பருவத்திலேயே அதை வெட்டிவிடுவதால், அந்த இடம் வழவழவென்று ஆறியிருக்கும். வழக்குகளில் வரும் எண்கள் பலவும் இந்தச் சின்னத் துடுப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்த்து எண்ணியவைதான்.

கேடு எப்படி வருகிறது? பொரிப்பகத்தில் நூறு முட்டைக்கு எண்பதுக்கு மேல் பிழைத்து, ஆற்றில் விடும் அளவுக்கு வளர்ந்துவிடும். ஆற்றில் பத்து தேறினாலே பெரிது. வெள்ளம், வறட்சி, கொத்தும் பறவை, குளிர் என்று ஆறு கழித்துவிடும் குஞ்சுகளைத் தொட்டி காப்பாற்றிவிடுகிறது. தொட்டியில் தீனி மேலிருந்து விழும். நிழல் கண்டு பதுங்கும் குஞ்சு அங்கே பின்தங்கும், மேலே பாய்ந்து வரும் குஞ்சு கொழுக்கும். அதே குஞ்சு ஆற்றில் பாய்ந்தால் கொக்குக்கு இரை. முட்டையிடும் நேரத்திலும் பெண் மீன் இணை தேடுவதில்லை, ஆண் மீன்கள் இடத்துக்குச் சண்டையிடுவதில்லை. கருவூட்டுவது வாளியில், மனிதக் கையால்.

ஒரேகான் மாநிலத்தின் ஹூட் ஆற்றில், சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீல்ஹெட் மீன்களின் மரபணுவை வைத்துப் பல தலைமுறைகளைத் தொடர்ந்த ஆய்வு 2007-இல் வெளியானது. தொட்டியில் கழியும் ஒவ்வொரு தலைமுறைக்கும், ஆற்றில் இனம் பெருக்கும் திறன் 40 விழுக்காடு அளவுக்குக் குறைவதாக அது காட்டியது. அதே ஆற்றில் நடந்து 2016-இல் வந்த ஆய்வு, ஒரே தலைமுறை வேறுபாட்டில் 723 மரபணுக்களின் செயல்பாடு மாறியிருப்பதைக் கண்டது. இந்த மீன்கள் முட்டையிடும் இடத்தில் இயற்கை மீனோடு கலந்தால் இழப்பு இயற்கை மீனின் வம்சத்துக்கு. இதற்கு மேல் இரைக்கான போட்டி உண்டு. பெரிதாக வளர்த்து விடப்பட்ட குஞ்சு, ஆற்றில் அப்போதுதான் வெளிவந்த சிறு குஞ்சுகளைத் தின்பதும் உண்டு.

ஆகவே இசக்வாவில் பிள்ளைகளுக்கு மீனைக் காட்டுவதில் எந்தக் குறையும் இல்லை. காட்டும்போது துடுப்பையும் சேர்த்துக் காட்டுங்கள்.

எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்கிறார்கள்? படிப்படியாகச் சொல்ல முடியுமா?
– சட்டக் கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

அடிப்படை, 1973ஆம் ஆண்டின் அழியும் நிலை உயிரினங்கள் சட்டம். அதில் மூன்று இடங்களை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

9ஆம் பிரிவு, பட்டியலிட்ட உயிரினத்தைக் கொல்வது, பிடிப்பது, துன்புறுத்துவது, அதற்குக் கேடு செய்வது எல்லாவற்றையும் தடுக்கிறது. தாய்மீன் (முட்டையும் விந்தும் எடுக்க வைத்துக்கொள்ளும் பெண், ஆண் மீன்கள்) பிடிக்க ஆற்றின் குறுக்கே போடும் தடுப்பில் ஓர் இயற்கை மீன் சிக்கினாலே இந்தப் பிரிவு வந்துவிடும். 'அழியும் நிலை' என்று பட்டியலிட்டவற்றுக்கு இத்தடை தானாகவே பொருந்தும். அதற்கு ஒரு படி கீழே 'அச்சுறுத்தலில்' உள்ளவற்றுக்கு 4ஆம் பிரிவின் (ஈ) உட்பிரிவின் கீழ் தனி விதி வகுக்க வேண்டும். சால்மனுக்கான அந்த விதியில் பொரிப்பகத்துக்கு ஒரு விலக்கு உண்டு: மரபியல் மேலாண்மைத் திட்டம் ஒன்றை எழுதி, கூட்டாட்சி அரசின் துறையான தேசியக் கடல் மீன்வளச் சேவையிடம் ஒப்புதல் வாங்கினால், அத்திட்டத்துக்குள் நடக்கும் கேட்டுக்குப் பொறுப்பில்லை. ஒப்புதல் இல்லாமல் குஞ்சு விட்டால் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

7ஆம் பிரிவு கூட்டாட்சி அரசுக்கானது. கூட்டாட்சிப் பணமோ அனுமதியோ தொட்ட எந்தச் செயலும் உயிரினத்தின் நிலைப்பை ஆபத்தில் தள்ளாது என்று முன்கூட்டியே கலந்தாய்ந்து, உயிரியல் கருத்துரை எழுதி வைக்க வேண்டும். கொலம்பியா ஆற்றுப் பொரிப்பகங்கள் பல 1938ஆம் ஆண்டின் மிட்செல் சட்டப் பணத்தில் நடப்பதால் இந்தப் பிரிவுக்குள் வருகின்றன. மூன்றாவது 11ஆம் பிரிவு: குடிமக்கள் யார் வேண்டுமானாலும் வழக்குத் தொடுக்க வழி தருவது.

இனி படிகள். முதலில் 60 நாள் அறிவிப்பு. எந்தப் பொரிப்பகம், எந்த மீன், எந்தப் பிரிவு, எந்தச் செயல் என்று திட்டவட்டமாக எழுதித் துறைச் செயலருக்கும் மீறியவருக்கும் அனுப்ப வேண்டும். வழக்கு பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். அறிவிப்பில் சொல்லாத மீனைப் பற்றிப் பின்னால் மனுவில் சேர்த்தால் அந்தப் பகுதி தள்ளுபடியாகும். 60 நாள் முடியுமுன் தாக்கல் செய்தாலும் அதே கதிதான். அடுத்து வழக்காடும் தகுதி. அந்த ஆற்றைப் பயன்படுத்தும் உறுப்பினர் ஒருவராவது தனக்கு நேரும் இழப்பைப் பிரமாணமாகத் தர வேண்டும். பிறகு கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம். ஜூரி கிடையாது. அரசுத் துறையின் முடிவை எதிர்க்கும்போது, அந்த முடிவை எடுக்கையில் துறை வைத்திருந்த கோப்பே பெரும்பாலும் சான்று. வென்றால் வழக்கறிஞர் செலவை எதிர்த்தரப்பிடம் கேட்கலாம். சிறு அமைப்புகள் துணிந்து இறங்க முடிவதற்கு இது பெரிய காரணம்.

ஒப்புதல் இல்லாமல் மாட்டிக்கொண்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு, வாஷிங்டன் மாநிலத்தின் கடற்கழியான பியூஜெட் சவுண்ட் வழக்கு. அங்கே ஸ்டீல்ஹெட் 2007-இல் பட்டியலில் சேர்ந்தது. சேம்பர்ஸ் ஓடை வழிவந்த பொரிப்பக ஸ்டீல்ஹெட்டை மாநிலம் தொடர்ந்து விட்டுவந்தது. 2014 வரை திட்டத்துக்கு ஒப்புதல் வரவில்லை. வைல்ட் ஃபிஷ் கன்சர்வன்சி என்ற அமைப்பு 2014 மார்ச்சில் வழக்குப் போட்டது, ஏப்ரலிலேயே சமரசம். அந்த ஆண்டு சுமார் 9 லட்சம் குஞ்சுகளுக்குத் திட்டம் இருந்தும், சமரசத்தில் விதிவிலக்கு கிடைத்த ஸ்கைகோமிஷ் ஆற்றைத் தவிர அந்த வட்டார ஆறுகளில் விடவில்லை. ஸ்காஜிட் ஆற்றில் மட்டும் 12 ஆண்டுத் தடை ஏற்கப்பட்டது. மீன் நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் தீர்ப்பு எழுதவே இல்லை. காகிதம் இல்லை என்பதே போதுமானதாக இருந்தது.

1969ஆம் ஆண்டின் தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டமும் துணைக்கு வரும். வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றில் இரண்டு அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்தார்கள். ஆறு திறந்ததும் பொரிப்பகக் குஞ்சுகளை விடத் திட்டம். குறைவான எண்ணிக்கையில் விடுவது என்ற மாற்று வழியை ஆராயவே இல்லை என்று 2014-இல் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஒரேகானின் சாண்டி ஆற்று வழக்கிலும் ஆய்வு போதாது என்று தீர்ப்பு. ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், ரயில்பாதை வழக்கு ஒன்றில், இந்தச் சட்டத்தின்படி செய்யும் ஆய்வில் துறைகளுக்கு நிறைய இடம் கொடுக்க வேண்டும் என்று கூறிவிட்டது. எனவே இனி இதை மட்டும் நம்பிப் போவது பலவீனம் என்பதே எங்கள் கணிப்பு. 7, 9 பிரிவுகளை முன்னால் வைப்பது நல்லது.

தூய நீர்ச் சட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். கொலம்பியா ஆற்றின் கிராண்ட் கூலி அணைக்கு ஈடாகக் கட்டிய லெவன்வொர்த் பொரிப்பகத்தின் கழிவுநீர் அனுமதி 1979-இல் காலாவதியாகி, புதுப்பிக்கப்படாமலே கிடந்தது. மிஞ்சிய தீனியும் மீன் கழிவும் சேர்ந்த பாஸ்பரஸ் ஐசிக்கிள் ஓடையில் கலந்துகொண்டே இருந்தது. 2017-இல் நீதிமன்றம் அதைச் சட்டமீறல் என்றது.

ஆற்றில் எத்தனை விழுக்காடு பொரிப்பக மீன் கலந்திருக்கிறது என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எத்தனை வரை சரி?
– மீன்வளக் கல்லூரி மாணவி, தூத்துக்குடி

சினூக், கோஹோ என்ற சால்மன் வகைகள் முட்டையிட்டதும் இறந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை ஆற்றோரம் நடந்து இறந்த மீன்களை எண்ணுவார்கள். ஒவ்வொன்றிலும் துடுப்பைப் பார்த்து, செதில் எடுத்து, மூக்கருகே உணர்கருவியை ஓட்டுவார்கள். உள்ளே 1.1 மில்லிமீட்டர் நீளக் கம்பித்துண்டு இருந்தால் ஒலி எழும். மூக்கை அறுத்து எடுத்து, துண்டிலுள்ள எண்ணை நுண்ணோக்கியில் படித்தால் எந்தப் பொரிப்பகம், எந்த ஆண்டு என்று தெரியும். எண்ணிய மீனின் வாலை வெட்டிப் போடுவார்கள். அடுத்த வாரம் அதே மீனை மறுபடி எண்ணாமல் இருக்கத்தான்.

கணக்கு எளிது. 200 மீனில் 24-க்குத் துடுப்பு இல்லை என்றால் 12 விழுக்காடு. ஆனால் அந்தப் பொரிப்பகம் 95 விழுக்காட்டுக் குஞ்சுக்குத்தான் சரியாக வெட்டியது என்றால், 24-ஐ 0.95-ஆல் வகுக்க வேண்டும். 25.3 வரும், அதாவது 12.6 விழுக்காடு. வரம்பு 10 என்றால் எப்படியும் மீறல். ஆனால் கிடைத்தது 9.6 என்றிருந்தால்? திருத்தினால் 10.1. இப்படி ஒரு தசமத்தில் அனுமதியின் நிபந்தனை மீறப்பட்டு, கலந்தாய்வை மறுபடி தொடங்க வேண்டிய கடமை வந்துவிடும். வெட்டும் இயந்திரத்தின் தரப் பதிவேட்டை இரு தரப்பும் கேட்டு வாங்குவது இதனால்தான்.

பிழை வருமிடங்கள் பல. பாதி வெட்டிய துடுப்பு திரும்ப வளரும். வெள்ளம் வந்தால் மீன் அடித்துக்கொண்டு போய்விடும், அந்த வாரக் கணக்கு ஓட்டை. பெரிய மீன் கண்ணில் படும், சின்னது படாது. பொரிப்பகத்துக்குப் பக்கத்தில் மட்டும் நடந்தால் விழுக்காடு ஏறும், மேல் ஓடையில் மட்டும் நடந்தால் இறங்கும். எந்த இடத்தில், எத்தனை கிலோமீட்டர் நடந்தார்கள் என்பதை முதலில் கேளுங்கள். ஸ்டீல்ஹெட் எல்லாம் முட்டையிட்டதும் சாவதில்லை. அதனால் அங்கே சரளையில் பெண் மீன் பறித்த குழிகளை எண்ண வேண்டியிருக்கிறது. குழியைப் பார்த்துத் தாய் எது என்று சொல்ல முடியாது. 'பொரிப்பக மீன் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் முட்டையிடும், மார்ச் பாதிக்கு மேல் வருவது இயற்கை மீன்' என்று தேதி வைத்துப் பிரிப்பது பழைய வழக்கம். இரண்டு காலமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வாரங்களில்தான் கலப்பு நடக்கிறது, தேதிப் பிரிப்பு அதைத்தான் மறைக்கிறது. குஞ்சின் மரபணுச் சோதனை இதைவிட நம்பகமானது.

எத்தனை வரை சரி என்பதற்கு, பொரிப்பக அறிவியல் மீளாய்வுக் குழுவின் அளவுகோலே அதிகம் பயன்படுகிறது. பொரிப்பக இனத்தைத் தனியாகவே வளர்க்கும் திட்டத்தில், முதன்மையான இயற்கைக் கூட்டத்தோடு கலப்பு 5 விழுக்காட்டுக்குள். ஆற்று மீனைத் தாய்மீனாகச் சேர்த்துக்கொள்ளும் திட்டத்துக்கு வேறு கணக்கு: தாய்மீன்களில் ஆற்று மீனின் பங்கை, அந்தப் பங்கும் ஆற்றில் கலந்த பொரிப்பக மீனின் பங்கும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். விடை 0.67-க்குக் குறையக் கூடாது. தாய்மீனில் ஆற்று மீன் 20, ஆற்றில் பொரிப்பக மீன் 30 விழுக்காடு என்றால் 0.4. தேறாது. தாய்மீனில் ஆற்று மீனை 60 ஆக்கினால் 0.67. ஆனால் நலிந்த ஆற்றிலிருந்து அத்தனை மீனை எடுத்தால் ஆறு காலியாகும். அப்போது மிஞ்சும் வழி விடும் குஞ்சைக் குறைப்பது. பல சமரசங்கள் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கின்றன.

வழி தவறி வருவதைக் குறைக்க ஒரு நடைமுறை உண்டு. குஞ்சு தான் வளர்ந்த நீரின் வாசனையை நினைவில் வைத்துத்தான் திரும்புகிறது. கிணற்று நீரில் வளர்த்து, லாரியில் ஏற்றி, வேறிடத்தில் கொட்டினால் எந்த ஆற்றுக்குத் திரும்புவது என்று அதற்குத் தெரியாது. விடுமுன் சில வாரம், திரும்ப வேண்டிய ஓடையின் நீரை ஓடவிட்ட குளத்தில் வைத்திருப்பது நல்லது.

பொரிப்பக மீனும் அதே இனம்தானே? அதையும் சேர்த்து எண்ணினால் 'அழியும் நிலை' என்ற பேச்சே இல்லையே!
– வாசகர், திருநெல்வேலி

இதையே வாதமாக வைத்து ஒரு வழக்கு வென்றது. ஒரேகான் கரைக் கோஹோவைப் பட்டியலிட்டபோது, ஒரே கூட்டம் என்று வரையறுத்துவிட்டு, அதில் ஆற்றில் பிறந்தவற்றை மட்டும் சேர்த்திருந்தார்கள். கூட்டம் ஒன்று என்றால் பாதியைப் பிரிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 2001-இல் நீதிபதி மைக்கேல் ஹோகன் பட்டியலை ரத்து செய்தார். அதன் பிறகு 2005-இல் புதிய கொள்கை வந்தது: நெருங்கிய மரபுள்ள பொரிப்பக மீன் கூட்டத்தில் சேரும், ஆனால் அது ஆற்றில் தானே நிலைபெறும் மீன்களுக்கு உதவுகிறதா, கேடா என்று பார்த்துத்தான் நிலை முடிவாகும். 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. தொட்டி நிறைந்திருக்கிறது என்பதால் ஆறு பிழைத்துவிட்டதாகாது.

பழங்குடி மக்களின் பொரிப்பகங்கள் மீதும் வழக்கு என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் வயிற்றில் அடிப்பதாகாதா?
– வாசகர், மட்டக்களப்பு

கேட்க வேண்டிய கேள்வி. 1850-களின் ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்த பழங்குடியினர், மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை அவர்களுக்கு உரியது என்று 1974 பிப்ரவரியில் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார். பொரிப்பக மீனும் அந்தப் பங்கில் அடங்கும் என்பதும் பின்னர் உறுதியானது. அணையைக் கட்டியவர்கள் அவர்கள் அல்லர். காட்டை வெட்டியவர்களும் அல்லர். எல்வா வழக்கில் பொரிப்பகத்தை நடத்தியது கீழ் எல்வா கிளாலம் மக்கள். நூறாண்டு காத்திருந்து அணை இடிந்ததும், இருக்கும் கொஞ்ச மீனும் வண்டலில் மூச்சுத் திணறிப் போகாமல் காக்கவே பொரிப்பகம் என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கமும் ஆற்றின் மீது பற்றுள்ளவர்கள்தான். வழக்குப் போடுமுன் அவர்களோடு உட்கார்ந்து பேசுவது கடமை என்றே நாங்கள் கருதுகிறோம்.

பொரிப்பகமே வேண்டாம் என்றும் சொல்வதற்கில்லை. ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு 1992-இல் திரும்பியது ஒரே ஒரு சாக்கை சால்மன். 1991 முதல் 1998 வரை அங்கே பிடித்த 16 இயற்கை மீன்களைத் தொட்டியில் வைத்துக் காத்திராவிட்டால் அந்த வம்சம் இன்று இல்லை.

ஓர்கா திமிங்கலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?
– வாசகி, சென்னை

அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் தென் ஓர்காக் கூட்டம் 2005 முதல் அழியும் பட்டியலில் இருக்கிறது. அவற்றுக்குப் பிடித்த இரை சினூக். தென்கிழக்கு அலாஸ்காவில் சினூக் பிடிப்பதை 2019 உயிரியல் கருத்துரையில் அனுமதித்த தேசியக் கடல் மீன்வளச் சேவை, இழப்புக்கு ஈடாக ஆண்டுக்குச் சுமார் 2 கோடி பொரிப்பகக் குஞ்சுகளை விடுவதாகச் சொன்னது. அந்தக் குஞ்சுகள் இயற்கைச் சினூக்குக்கு என்ன செய்யும் என்று முறையாக ஆராயவில்லை என்பது வழக்கு. 2023 மே மாதம் மாவட்ட நீதிமன்றம் அனுமதியின் ஒரு பகுதியை ரத்து செய்தது. ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஆகஸ்டில் ரத்து உத்தரவையே விலக்கியது. சட்டமீறல் என்ற முடிவு வேறு, அதற்கான பரிகாரம் வேறு என்பதை மாணவர்கள் இந்த வழக்கில் கவனிக்கலாம்.

எங்கள் மாயாற்று மஹசீருக்கும் இந்தக் கதை நடந்ததாகச் சொல்கிறார்கள். இங்கே என்ன செய்ய முடியும்?
– வாசகர், பவானிசாகர்

உண்மைதான். கெண்டை இனத்துப் பெரிய ஆற்று மீன்தான் மஹசீர். காவிரிப் படுகைக்கே உரிய கூன்முதுகு மஹசீர், ஆரஞ்சு நிறத் துடுப்பு கொண்டது. 1946-இல் கபினியில் 120 பவுண்டு எடையில் ஒன்று பிடிபட்டிருக்கிறது. மீன் பெருகட்டும் என்ற நல்ல எண்ணத்தில், மகாராஷ்டிரத்து லோனாவாலா பொரிப்பகத்து நீலத்துடுப்பு மஹசீரைக் காவிரியில் விட்டார்கள். 1998 முதல் 2012 வரையிலான தூண்டில்காரர்களின் பதிவுகளில் நீலத்துடுப்பு ஏறுகிறது, கூன்முதுகு சரிகிறது. கூன்முதுகு மஹசீரின் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதியானதும், 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் 'மிக அருகிய' நிலையில் சேர்ந்ததும் ஒரே ஆண்டில். அது இன்னும் எஞ்சியிருக்கும் மிகச் சில இடங்களில் உங்கள் மாயாறும் ஒன்று.

அமெரிக்கச் சட்டத்தின் 7ஆம் பிரிவு போன்ற கட்டாயக் கலந்தாய்வு நம் நாட்டில் குஞ்சு விடுவதற்கு இல்லை. இருப்பதைக் கொண்டு தொடங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு. 'மஹசீர் விட்டீர்களா?' என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: எந்த இனம், யார் இனம் கண்டது, தாய்மீன் எந்த ஆற்றிலிருந்து, ஆண் எத்தனை பெண் எத்தனை, எந்தத் தேதியில் எந்த இடத்தில் எத்தனை குஞ்சு விடப்பட்டது. 30 நாளில் பதில் தர வேண்டும். பல்லுயிர்ச் சட்டம் 2002-இன் மீறல் தெரிந்தால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தீர்ப்பாயத்தின் வரம்பில் இல்லை. அதற்கு உயர் நீதிமன்றம்தான். இந்த வேறுபாடு தெரியாமல் மனு திரும்பி வந்தால் மாதங்கள் வீண்.

ஆண், பெண் எண்ணிக்கையைக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இரண்டையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், மரபு வளத்தில் அந்தத் தொகுதி எத்தனை மீனுக்குச் சமம் என்று தெரியும். 50 பெண்ணுக்கு 5 ஆண் என்றால் 55 மீன் அல்ல, 18 மீன்தான். பல ஆண்களின் விந்தை ஒரே கிண்ணத்தில் கலந்து ஊற்றினால் வேகமான ஒன்றிரண்டின் விந்தே பெரும்பாலான முட்டைகளைக் கருவுறச் செய்யும், எண்ணிக்கை இன்னும் இறங்கும். ஒரு பெண்ணின் முட்டைக்கு ஓர் ஆணின் விந்து என்று தனித்தனிக் கிண்ணத்தில் செய்தார்களா என்பதையும் மனுவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.